உராய்வு என்னும் குற்றவாளி

ஆங்கில நாளேடுகளின் தலையங்கப் பக்கத்தை அறிவின் உச்சமாகக் கருதும் பழக்கம் நம்மில் படித்தவரிடையே உண்டு. அந்நடையின் அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் பட்டாசு ஆலை வெடித்து ஏழைகள் மடியும்போதெல்லாம் அப்பக்கம் கையாளும் இலக்கணத்தை, இருக்கன்குடியில் அமர்ந்து படிப்பவர் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் அதே கொடுமை. இத்தகைய நாள்களுக்குப் பின் வரும் கருத்துரைகளுக்கென்றே ஒரு வார்ப்பு இருக்கிறது. 'லைவ்ஸ் வேர் லாஸ்ட்' என்பார்கள். உயிர்கள் இழக்கப்பட்டனவாம், இழக்கச் செய்தவருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. 'லேப்சஸ்' என்பார்கள், தவறுகள் தாமாகவே வழுக்கி விழுந்தவைபோல. 'எ டிராஜெடி வெயிட்டிங் டு ஹேப்பன்' என்பார்கள். காத்திருந்தது துயரமா? விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஆலை வேனுக்குக் காத்திருந்தவள் அல்லவா?

இறுதியில் ஓர் எழுவாய் கிடைக்கிறது: உராய்வு. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதே காரணம் என்று எழுதி முடிப்பார்கள். எத்தனை ஆண்டுகளாக எழுதினாலும் உராய்வு ஒருமுறையேனும் கூண்டில் ஏறியதில்லை. அச்சங்குளத்து ஆலை உள்குத்தகையாகப் பலர் கைக்கு மாறியிருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. குத்தகை தானாக மாறாது. விட்டவர் உண்டு, எடுத்தவர் உண்டு, பாராதிருந்தவர் உண்டு. மூன்று வினைக்கும் எழுவாய் மனிதரே.

இவ்விலக்கணம் புதிதன்று. உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லச் செய்த தாவீது, சாவுச் செய்தி வந்ததும், வாள் ஆள் பார்த்து விழுங்குவதில்லை என்னும் பொருள்பட யோவாபுக்குச் சொல்லியனுப்பினார். அங்கே வாள், இங்கே உராய்வு. நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது அரசருக்கு அறச்சினம் கொப்பளித்தது. கதை படர்க்கையில் இருந்ததல்லவா! இறைவாக்கினர் அதை முன்னிலைக்குத் திருப்பி, அம்மனிதர் நீரே என்று உணர்த்திய பின்னரே தாவீது தலைகுனிந்தார்.

தமிழில் செயப்பாட்டுவினை இருந்தும், நம் மக்கள் வாயில் அது அரிது. மகனைப் பறிகொடுத்த தாய், 'என் மகன் இழக்கப்பட்டான்' என்று அழுவதில்லை. 'என் புள்ளையக் கொன்னுட்டாங்களே' என்றே அழுகிறாள். அவளுடைய இலக்கணமே செம்மையானது. நம் தமிழ் ஏடுகளோ ஆங்கிலத்தைப் பார்த்து, 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'விதிகள் மீறப்பட்டுள்ளன' என்று எழுதப் பழகிவிட்டன. நோய் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கு முடியுமுன் ஒருவரைக் குற்றவாளி என எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாகாது, மறைக்கல்வியில் பொய்ச்சான்றைப் பற்றிக் கற்பிக்கிற எமக்கு அது தெரியும். பெயர் வேண்டாம். உரிமம் பெற்றவர், உள்குத்தகை எடுத்தவர், ஆய்வு செய்யக் கடமைப்பட்ட அலுவலர் என்று பொறுப்பையேனும் எழுவாயாக வைக்கலாமே. அதற்கு ஆங்கிலமும் தடையன்று. செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டுவினையைத் தவிர்க்குமாறு ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே அவர்கள் மொழியில் அவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்.