சோடாப் புட்டிக்கு ஜாதி உண்டா?

பெருநகரங்களில் இப்பொழுது மது கலவாத பானக்கூடங்கள் என்பதாக ஒரு புது வியாபாரம் கிளம்பியிருக்கின்றது. பழச்சாறும் சோடாவும் மூலிகையும் கலந்து, மேஜை நாற்காலி போட்டு, குடிவெறி இல்லாமலே நாலு பேர் கூடிப் பேச இடம் கொடுக்கின்றார்கள். இது சீமை நாகரிகம் என்று சிலர் பரிகசிக்கலாம். சீமையிலும் இது புதிதல்ல. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊர்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே மதுவற்ற பானக்கடைகள் இருந்தன. நமது விருதுநகரோ இந்த வியாபாரத்தை நூறு வருஷத்திற்கு மேலாக அறிந்த ஊர்.

விருதுபட்டி என்று அவ்வூர் வழங்கிய காலத்தில், 1916இல், பி.வி.எஸ்.கே. பழனியப்பன் அவர்கள் காளிமார்க் சோடாக் கம்பெனியைத் தொடங்கினார். அவர் பிறந்த சமுகம் எது? பனையேறிகள், கள்ளிறக்குகிறவர்கள் என்று இழிவு கற்பிக்கப்பட்ட நாடார் சமுகம். 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்ததற்காக வழக்குத் தொடரப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும், 1908இல் "உரிமை இல்லை" என்ற தீர்ப்பையே பெற்ற சமுகம். 1899இல் சிவகாசியில் கொள்ளையையும் கொலையையும் கண்ட சமுகம். அத்தீர்ப்புக்கு எட்டாவது வருஷம் பிறந்த அக்கம்பெனியின் பொவண்டோவை இன்று குடிக்காத ஜாதி எது?

கள் இறக்குவது தலையெழுத்து என்றார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாது விட்டால் புளித்துக் கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே. வித்தியாசம் மனிதன் கையில் இருக்கின்றதே ஒழிய எவன் தலையிலும் எழுதியிருக்கவில்லை.

நிற்க, கம்பெனியின் பெயரில் காளி இருப்பதால் எல்லாம் அவள் கிருபை என்று யாரும் சொல்ல வேண்டாம். கோலியை மேலே தள்ளிப் புட்டியின் வாயை அடைப்பது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே. அவ்வூரை உயர்த்தியதும் மனிதர்களின் ஒற்றுமையே. வியாபாரிகள் மகமை கொடுத்துப் பொதுநிதி சேர்த்தார்கள். க்ஷத்திரிய வித்தியாசாலையை ஏற்படுத்தினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து அதை நடத்தினார்கள்.

இப்பொழுது நாம் கேட்பது இதுதான். சிவகாசியில் வெடிமருந்திலும் வெயிலிலும் உழைத்த ஒரு தாழ்த்தப்பட்ட சகோதரி, நன்னாரியும் எலுமிச்சையும் இஞ்சியும் கலந்து விற்க ஒரு பானக்கூடம் வைக்க விரும்பினால், அவருக்கு மகமை கொடுப்பார் யார்? கடையை வாடகைக்குக் கேட்டால் "எந்தத் தெரு?" என்பதல்லவா முதற்கேள்வி! பாங்கியில் ஈடு கேட்பார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 சதவீதம் மூலதன மானியம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. நல்ல காரியந்தான். முதலுக்கு மானியம் கிடைக்கும்; வாடிக்கைக்காரரை எந்த சர்க்கார் மானியமாகக் கொடுக்கும்?

2003 முதல் சில்லறை மதுக்கடைகளை சர்க்காரின் டாஸ்மாக்கே நடத்துகின்றது. அங்கே புட்டியை எடுத்துக் கொடுப்பவர் என்ன ஜாதி என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. புத்தியை மயக்கும் பானத்திற்குத் தீட்டில்லை. தாகத்தைத் தீர்க்கும் மோருக்கும் சர்பத்துக்கும் மாத்திரம் தீட்டா? குடித்தால் மறையும் ஜாதி, தெளிந்தால் முளைக்குமானால், அந்தத் தெளிவுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

ஆகவே, கோவில் வாசலில் தடுக்கப்பட்ட வலியைத் தம் பாட்டன்மார் வாயிலாக அறிந்தவர்கள், தம் கடைத்தெருவில் இன்னொருவரைத் தடுக்கலாகாது. கட்டிடம் உள்ளவர்கள் தெருவைக் கேளாமல் வாடகைக்குக் கொடுக்க வேண்டும். கல்யாணத்திற்கும் கூட்டத்திற்கும் பானம் வேண்டுவோர் அத்தகைய கடையில் சொல்லி வாங்க வேண்டும். தோழர்களே! நம் ஊரில் அப்படி ஒரு கடை திறக்கும் நாளில், பலர் பார்க்க முதல் தம்ளரை வாங்கிக் குடிப்பவர் நீங்களாக இருங்கள். மேடையில் நூறு முறை ஜாதி ஒழிக என்று சொல்வதைவிட அது பெரிய காரியம் என்பதே நமது அபிப்பிராயம்.