வால்ட்ஸ்டைனுக்கு எந்தச் சுருதி?

பியானோவில் எல்லாப் பஞ்சமங்களையும் சுத்தமாகச் சேர்க்க முடியாது. 3:2 விகிதத்தில் பன்னிரண்டு பஞ்சமங்களை அடுக்கினால் ஏழு ஸ்தாயி தாண்டித் தொடங்கிய ஸ்வரத்துக்கே வந்து சேர வேண்டும். சேர்வதில்லை, ஏறக்குறைய 23.5 செண்ட் மிஞ்சுகிறது. ஒரு ஸ்தாயிக்கு 1200 செண்ட் என்பது கணக்கு. இந்த மிச்சத்தை எந்தப் பஞ்சமத்தின் தலையில் எவ்வளவு கட்டுவது என்ற ஏற்பாட்டுக்குத்தான் டெம்பரமென்ட் என்று பெயர்.

இன்றைய கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் சமப் பங்கீடுதான். ஒவ்வொரு பஞ்சமமும் 2 செண்ட் மட்டுமே குறைகிறது. காதுக்கு அது ஒரு பொருட்டில்லை. அடி விழுவது மேஜர் தேர்டுக்கு, அதாவது நம் அந்தர காந்தாரத்துக்கு. 5:4 விகிதத்தில் 386 செண்டாக நிற்க வேண்டியது 400க்கு ஏறிவிடுகிறது. தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் காந்தாரத்துக்குப் பழகிய காதை இந்த 14 செண்ட் உறுத்தும். நடு சி-க்குக் கீழுள்ள எஃப், ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் விநாடிக்கு ஏறக்குறைய ஏழு விம்மல்கள், அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகள், கேட்கும்.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவாவில் இருந்த வல்லோட்டியின் பெயரால் வழங்கும் முறை வேறு மாதிரி. எஃப் முதல் பி வரையிலான ஆறு பஞ்சமங்கள் மட்டும் மிச்சத்தைச் சுமக்கும். மற்ற ஆறும் சுத்தம். விளைவு, சி மேஜரின் தேர்டு 392 செண்ட், ஈ மேஜரில் 404, எஃப் ஷார்ப் மேஜரில் 408. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது.

பீத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டாவில் இது நன்றாகத் தெரியும். முதல் பகுதி சி மேஜரில் தொடங்கி, இரண்டாம் கருவை ஈ மேஜரில் வைக்கிறது. சமப் பங்கீட்டில் உயரம்தான் மாறும்; வல்லோட்டியில் அமைதியான கார்டு திடீரென்று கூர்மை கொள்ளும். சுபர்ட்டின் ஜி ஃபிளாட் இம்ப்ராம்ப்டுவுக்கோ கதை தலைகீழ். கனவு போல் ஓட வேண்டிய அதன் கார்டுகள் 408-இல் சற்றே கரகரக்கும். 1857இல் அதைப் பதிப்பித்தவர் ஜி மேஜருக்கு மாற்றியது வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்றுதான். வல்லோட்டியில் அந்த மாற்றம் காதுக்கும் இதமாகவே இருந்திருக்கும்.

ஆகவே இசையமைப்பாளரின் பெயரை மட்டும் பார்த்து முறையைத் தேர்வது சோம்பேறித்தனம். நிரலில் உள்ள படைப்புகள் எந்தெந்தச் சுருதிகளில் நெடுநேரம் தங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஹைடன், மொசார்ட் நிரலுக்கு வல்லோட்டி தாராளமாகப் போதும். ஷோபனுக்கு அதைவிட மென்மையான, சமத்தை நெருங்கிய பங்கீடு நல்லது. லண்டனின் பியானோ தயாரிப்பு நிறுவனமான பிராட்வுட்டே 1846 வாக்கில்தான் சமப் பங்கீட்டை வழக்கமாக்கியது. ஷோபன் இறந்தது 1849இல்; ஆக, முழுச் சமம் அங்கே வழக்கமானது அவருடைய கடைசி ஆண்டுகளில்தான். ஷோன்பெர்க்குக்குச் சமம் தவிர வேறு வழியில்லை. பன்னிரண்டு ஸ்வரங்களும் அங்கே ஒரே தகுதி உடையவை. ஆர்கெஸ்ட்ராவுடன் வாசிக்கும் கான்செர்ட்டோவிலும் சமமே பத்திரம்.

மேடையின் நடைமுறையையும் மறக்கக் கூடாது. ஏ-யை 440 ஹெர்ட்ஸிலேயே நிறுத்தினாலும், சமத்திலிருந்து வல்லோட்டிக்கு மாறும்போது சில தந்திகள் 8 செண்ட் வரை நகரும். பெரிய கச்சேரிப் பியானோவில் 220க்கும் மேற்பட்ட தந்திகள். புது இழுவிசைக்கு அவை படிய நேரம் வேண்டும், மறுநாள் வாசிப்பவருக்காகத் திருப்பியும் வைக்க வேண்டும். இடைவேளையில் மாற்றுவது நடக்காத காரியம். முற்பாதியில் ஹைடன், பிற்பாதியில் ஷோன்பெர்க் என்றால், இரண்டாவது பியானோ இல்லாத அரங்கில் ஷோன்பெர்க்கின் தேவையே முழு மாலைக்கும் முறையைத் தீர்மானிக்கும்.