'சம்டைம்ஸ்' முன்னுக்கு வந்தால் பிழையா?

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தரம் 7 படிப்பவள், டியூஷன் டெஸ்ட் பேப்பரோடு வந்தாள். உம்மாவிடம் ஏச்சு வாங்கிய முகம். "சம்டைம்ஸ் மை வாப்பா கம்ஸ் ஹோம் லேட்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குச் சிவப்புப் பேனையால் பெரிய புள்ளடி. ஏனென்றால் டியூட்டில் 'அட்வர்ப் எப்போதும் வேர்ப்புக்கு முன்னால்தான்' என்று பெட்டி போட்டு அச்சடித்திருக்கிறது. அதே பேப்பரில் "மை உம்மா ஒல்வேய்ஸ் இஸ் பிஸி" என்றும் எழுதியிருக்கிறாள். அதற்குச் சரி போட்டிருக்கிறார்கள்!

சரியான வசனத்துக்குப் புள்ளடி, பிழையான வசனத்துக்குச் சரி. இரண்டுக்கும் காரணம் அந்த ஒற்றை விதிதான்.

'சம்டைம்ஸ்', 'யூஸுவலி' இரண்டும் வசனத்தின் தொடக்கத்தில் தாராளமாக வரும். 'சம்டைம்ஸ்' கடைசியிலும் வரும். 'ஒல்வேய்ஸ்', 'நெவர்' சாதாரண வசனத்தில் முன்னுக்கு வராது. ஆனால் கட்டளையில் வரும்: "ஒல்வேய்ஸ் வொஷ் யுவர் ஹேண்ட்ஸ்." 'வேர்ப்புக்கு முன்னால்' என்பது 'கோ', 'கம்', 'ஈட்' மாதிரியான வினைகளுக்குத்தான். 'இஸ்', 'ஆம்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால்: "மை உம்மா இஸ் ஒல்வேய்ஸ் பிஸி." உதவி வினை இருந்தால் அதற்கும் பின்னால்: "ஐ ஹேவ் நெவர் சீன் இட்."

இந்த 'இஸ்' இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். அதில் அவர்களுடைய குற்றம் ஒன்றுமில்லை. வீட்டில் "உம்மா எப்பவும் பிஸி" என்றுதானே சொல்கிறோம்? அந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை. இல்லாத ஒன்றுக்கு முன்னாலா பின்னாலா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "சில நேரம் வாப்பா பிந்தி வருவார்", "வாப்பா சில நேரம் பிந்தி வருவார்" என்று எங்களுக்கு இரண்டும் வரும். அந்தப் பழக்கத்தில்தான் அவள் 'சம்டைம்ஸ்'ஸை முன்னுக்குப் போட்டாள். அது ஆங்கிலத்திலும் சரியாகவே அமைந்தது. தமிழ் கை கொடுத்த இடத்தில் புள்ளடி போட்டுவிட்டு, தமிழ் கைவிட்ட இடத்தைக் கவனிக்காமல் விட்டால் அது என்ன படிப்பித்தல்?

நானும் சுத்தமில்லை. கல்வியியற் கல்லூரியில் பயிற்சிப் பாடம் நடத்தும்போது இதே அரை விதியைத்தான் பலகையில் எழுதினேன். பின்னால் இருந்த விரிவுரையாளர் "அப்ப 'இஸ்'?" என்று மட்டும் கேட்டார். அன்று வெட்கத்தில் வியர்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"பரீட்சைக்கு இவ்வளவு போதும் டீச்சர்" என்கிறார்கள். போதாது. அந்தப் பிள்ளை போகும்போது என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இனி 'சம்டைம்ஸ்' எழுதாம விட்டா புள்ளி குறையாதுதானே?" சொந்தமாக வசனம் எழுதிய பிள்ளை, இனி டியூட்டைப் பார்த்து எழுதப் போகிறாள்.

சேரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பேப்பரைக் கொண்டுபோய் அந்த இரண்டு வசனத்தையும் மரியாதையாகக் காட்டுங்கள். திருத்தினாலும் மொத்தப் புள்ளி மாறாது, ஒன்று கூடும், ஒன்று குறையும். பரவாயில்லை, திருத்தித் தரச் சொல்லுங்கள்.