வட்டி கட்டுவது யார்?

சென்ற இதழில் வந்த, சுகாதாரப் பணியாளர் நிலுவை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, அவர் சொல்லாததைச் சொன்னதாக நான் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. எழுதியவர் நிதித்துறையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வது இவ்வளவுதான்: மத்திய அரசின் தவணை வராதபோது மாநிலம் என்ன செய்யும்? வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்கள் ஊழியர்கள் அல்ல, தொண்டர்கள். தொகை தள்ளிப்போனதே தவிர யாரும் இல்லையென்று சொல்லவில்லை. நோயாளிகளை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போராடுவது சேவைக்கு அழகல்ல. நான்கும் தவறு. அதில் இரண்டு, அவருக்கே தவறென்று தெரிந்திருக்க வேண்டியவை.

அவர் கேரளத்தை உதாரணம் காட்டியிருக்கிறார். நானும் அங்கேயே தொடங்குகிறேன். 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம், அதிலும் மூன்று மாதம் பாக்கி. சுகாதார நிலையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர்ப்பலகை வைக்கும் தகராறில் 2023-24இன் தேசிய சுகாதார இயக்கப் பணம் 600 கோடிக்கு மேல் மத்தியில் நின்றுபோனது என்றது கேரள அரசு. பாக்கி எதுவும் இல்லை, பயன்பாட்டுச் சான்றிதழ்தான் வரவில்லை என்று மாநிலங்களவையில் பதில் சொன்னார் மத்திய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா. ஒரு பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பதற்காக நோயாளிக்கான பணத்தைப் பிடித்து வைப்பது அநியாயம். கேரளத்தின் அந்தக் குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் நம் கட்டுரையாளர் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டார். மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கிட்டுக் கொடுப்பது ஆஷாக்களின் ஊக்கத்தொகையை. அந்த 7,000 ரூபாய் மதிப்பூதியம் முழுக்க முழுக்க மாநிலத்தின் சொந்தப் பணம். தில்லியிலிருந்து ஒரு ரூபாய் வராவிட்டாலும் அது மாதாமாதம் போய்ச் சேர வேண்டிய பணம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘மத்திய நிதி வரவில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். வரவுசெலவுப் புத்தகங்களோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் தெருவில் உட்கார்ந்தபின், அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நிலுவையை விடுவிக்க உத்தரவு வந்தது. இல்லாத பணம் இரண்டு வாரத்தில் எங்கிருந்து முளைத்தது? பணம் இருந்தது. வரிசையில் ஆஷாக்களைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள்.

இனி, ‘தள்ளிப்போனதே தவிர மறுக்கப்படவில்லை’ என்ற வாதம். கட்டுரையிலேயே என்னை அதிகம் சுட்டது இதுதான்.

எனக்கு அக்கா முறையில் ஒருவர், கேரளத்தின் பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆஷா. தமிழ்க் குடும்பம், லயத்து வீடு. கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, தடுப்பூசி நாளில் ஒவ்வொரு வாசலிலும் நின்று தாய்மாரைக் கிளப்புவது, முப்பது வயதைக் கடந்தவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்டு ‘ஷைலி’ செயலியில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. போனுக்கு ரீசார்ஜ் அவர் பணம். மழை நாளில் ஜீப்புக்குக் கொடுப்பதும் அவர் பணம். 2024 டிசம்பர் முதல் வாரம், சங்கிலியை ஒரு தனியார் அடகுக் கடையில் வைத்து 15,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி. அதில் பாதி மளிகைக் கடைப் பற்றுக்கும் பையனின் கல்லூரி பஸ் கட்டணத்துக்கும் போனது. மீதி குழுக் கடனுக்கு. செவ்வாய்க்கிழமைதோறும் வசூல்காரர் வந்து லயத்து முற்றத்தில் பாய் விரித்து உட்காருவார். ஒருவர் தவணை குறைந்தாலும் யாரும் எழுந்து போக முடியாது. “நான் ஆயிரத்து நூறு வைக்கலன்னா மத்த ஒன்பது பேரும் அங்கேயே ஒக்காந்திருக்கணும் தம்பி. கொழுந்து நிறுக்கப் போகணும்பாங்க, புள்ள பள்ளிக்கூடத்துலேருந்து வந்துரும்பாங்க. என்னைத் திட்ட மாட்டாங்க. சும்மா பாப்பாங்க” என்றார். அந்தப் பார்வைக்குத் தப்பத்தான் சங்கிலி போனது.

நிலுவை வந்ததும் மார்ச் முதல் வாரத்தில் சங்கிலியை மீட்டார். மூன்று மாத வட்டி 675 ரூபாய். ஏறக்குறைய மூன்று நாள் மதிப்பூதியம். அரசு தர வேண்டிய 21,000 ரூபாயைத் தந்துவிட்டது, யாரும் எதையும் மறுக்கவில்லை. ஆனால் 675 ரூபாய் அவரிடமிருந்து போய்விட்டது, அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கேரளத்தில் ஆஷாக்கள் 26,000 பேருக்கு மேல். அன்றைய கணக்கில் ஒரு மாத மதிப்பூதியத்தைத் தள்ளிப்போட்டாலே 18 கோடி ரூபாய். இதற்குப் பெயர் தாமதம் இல்லை, கடன். தன் பட்டியலில் மிகக் குறைவாக வாங்குபவர்களிடம், அவர்களைக் கேட்காமல், வட்டியில்லாமல் அரசு வாங்கிய கடன்.

வட்டி என்ற பேச்சே நிதித்துறைக்குப் புதிதல்ல. மத்திய நிதி மாநிலக் கருவூலத்துக்கு வந்து 30 நாளுக்குள் திட்டக் கணக்குக்குப் போகாவிட்டால், தாமதமான நாளுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியை மாநிலம் மத்திய அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. மருத்துவமனைக்குப் பஞ்சும் கையுறையும் தரும் சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். நூறு நாள் வேலைக்குப் போனவருக்குக்கூட, கூலி தாமதமானால் நாளுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று ஏட்டிலாவது எழுதி வைத்தார்கள். அரசுக்கு அரசு வட்டி, பஞ்சு விற்பவருக்கு வட்டி. அந்தப் பஞ்சை எடுத்துக்கொண்டு மேடேறிப் போகிறவளுக்கு மட்டும் பொறுமை பற்றிய உபதேசம்.

கட்டுரையாளர் மறந்த தீர்ப்பு ஒன்றும் உண்டு. 2020 மார்ச், ஏப்ரலில் ஆந்திர அரசு கொரோனா நெருக்கடியைச் சொல்லி ஊழியர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் ஒரு பகுதியைத் தள்ளிவைத்தது. அதுவும் மறுப்பு இல்லை, தள்ளிவைப்புதான். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் 12 விழுக்காடு வட்டி தரச் சொன்னது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 6 ஆகக் குறைத்தது, ஆனால் வட்டி தரத்தான் வேண்டும் என்றது. சம்பளமும் ஓய்வூதியமும் உரிமை, காலத்தில் தராத அரசு ஈடு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். நம் கட்டுரையாளரின் ஓய்வூதியம் நாளை ஒரு மாதம் தள்ளிப்போனால் அவர் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவார். போக வேண்டும், அது அவர் உரிமை. தனக்கு உரிமையாக இருப்பதை இன்னொருத்திக்குச் சலுகை என்று எழுதும்போது அவர் கை நடுங்கியிருக்க வேண்டாமா?

‘அவர்கள் தொண்டர்கள்’ என்பார். 2005இல் ஆஷா திட்டம் தொடங்கியபோது அப்படித்தான் பெயர் வைத்தார்கள். தொண்டர் தன் வசதிப்படி வருபவர். இந்த வேலைக்கோ எல்லை பிரித்துக் கொடுத்த வீடுகள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள், குறைந்தால் தொகையில் வெட்டு எல்லாம் உண்டு. கூலிச் சட்டப்படி ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து தப்பிக்க மட்டும்தான் இந்தச் சொல் பயன்பட்டுவருகிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தபோது நாடே அதைத் தன் பெருமையாக எடுத்துக்கொண்டதே, அப்போது யாரும் ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்று சொல்லவில்லை.

தொண்டர் என்ற பெயர் இல்லாதவர்களுக்கும் இதே கதிதான். 2020 அக்டோபரில் தில்லி இந்து ராவ் மருத்துவமனையின் மருத்துவர்கள், கொரோனா உச்சத்தில் பார்த்த வேலைக்குப் பல மாதச் சம்பளம் வராமல் உண்ணாவிரதம் இருந்தார்கள். மாநகராட்சி தில்லி அரசைக் கைகாட்டியது, தில்லி அரசு மாநகராட்சியைக் கைகாட்டியது. நிதி இல்லை என்பது சம்பளத்தை நிறுத்தக் காரணமாகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நெருக்கடி என்றதும் ஏன் இவர்கள் சம்பளத்தில் கைவைக்கிறார்கள்? மின்வாரியத்துக்குக் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்குவார்கள். ஒப்பந்தக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார். செவிலியும் ஆஷாவும் மறுநாள் காலையில் வந்துவிடுவார்கள், பிரசவ வலி சம்பள நாள் பார்த்து வருவதில்லையே. பில்லை ஓரமாக எடுத்து வைக்கும் அதிகாரிக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் மனசாட்சியை அடமானம் வைத்துத்தான் கருவூலம் நாளைக் கடத்துகிறது. இதெல்லாம் நடந்த பிறகு, அவர்கள் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் சேவைக்கு அழகல்ல என்று பாடம் எடுப்பது கொடுமை.

திருவனந்தபுரத்தில் ஆஷாக்கள் எட்டு மாதத்துக்கு மேல் போராட்டத்தில் இருந்தார்கள். ஐம்பதாம் நாளில் முடியை வெட்டிப் போட்டார்கள். கேட்டது மாதம் 21,000 ரூபாய் மதிப்பூதியம். கிடைத்தது 1,000 உயர்வு. 2025 நவம்பர் 1இல் அங்கிருந்து எழுந்து ஊர் திரும்பினார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: மாதம் ஏழாம் தேதி, மத்தியத் தவணை வந்தாலும் வராவிட்டாலும், மாநிலம் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு தில்லியோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். தாமதமானால் நாள் கணக்கில் வட்டி சேர்த்துக் கொடுக்கட்டும். இதில் நடத்த முடியாதது எது என்று கட்டுரையாளர் எழுதட்டும், படிக்கிறேன். அக்காவின் அடகு ரசீதின் நகல் என்னிடம் இருக்கிறது, அதையும் அவருக்கு அனுப்பி வைக்கிறேன். அந்த 675 ரூபாயை அரசுக் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.