உரிமையா, பொறுப்பா?

பணிமாறுதல் ஆணை வந்ததும் வீட்டுப் பொருள்கள் யாவும் பெட்டிகளுள் அடங்கிவிடுகின்றன. வளர்ப்பு நாய் மட்டும் எப்பெட்டியிலும் அடங்குவதில்லை. அண்ணன் அதனைத் தம்பி வீட்டில் விட்டுச் செல்கிறார். மூன்றாண்டுகள் கழிந்து திரும்பிவந்து கேட்கும்போது, தம்பியின் பிள்ளைகள் தர மறுக்கின்றனர். “விலை கொடுத்து வாங்கியவன் நான்” என்கிறார் அண்ணன். “நாள்தோறும் சோறிட்டவர்கள் நாங்கள்” என்கிறார் தம்பி. இவர்களுள் யார் பக்கம் நியாயம் உள்ளது?

இந்தியச் சட்டம் வளர்ப்பு விலங்கை இன்றும் உடைமையாகவே கருதுகிறது. ஆகவே, வாங்கிய பற்றுச்சீட்டும் உரிமமும் யார் பெயரில் உள்ளன என்னும் வினா எழுவது இயல்பு. எனினும், 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேண வேண்டும் எனவும் விதிக்கிறது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது அரசமைப்பின் 51அ உறுப்பு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2017 முதலும், ஸ்பெயினில் 2022 முதலும், மணமுறிவு வழக்குகளில் நீதிமன்றங்கள் வளர்ப்பு விலங்கின் நலனையும் கருதிப் பார்க்கச் சட்டம் இடமளிக்கிறது.

“மனிதர் வழக்குகளே தேங்கிக் கிடக்க, நாய்க்கும் ஒரு வழக்கா?” எனச் சிலர் வினவுவர். அதில் உண்மை உண்டு. அதனாலேயே இத்தகைய பூசல் வீட்டுக் கூடத்திலேயே தீர வேண்டும். ஒப்படைக்கும் நாளிலேயே அது சில காலத்துக்கா, நிலையாகவா, மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றைப் பேசி எழுதிக்கொள்வது நன்று.

பேசாது விட்டிருந்தால், நாயின் நலனே அளவுகோல் ஆக வேண்டும். மூன்றாண்டுகள் பழகிய வீட்டில் அது நலமாக இருக்குமாயின், அங்கேயே இருத்தல் தகும். அங்கே அது நாள் முழுதும் சங்கிலியில் கட்டுண்டு கிடக்குமாயின், அண்ணனிடம் திரும்புவதே முறை.

ஊர்விட்டு ஊர் சென்ற அண்ணனின் பிள்ளைகள் தாமே விரும்பி அதனைப் பிரிந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வருத்தமும் மெய்யானதே. விடுமுறைதோறும் அவர்கள் அதனைக் காணத் தம்பி வீட்டார் கதவு திறந்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டு உரிமையைக் காட்டலாம். அன்றாடம் நீர் வைக்கும் கையே பொறுப்பைக் காட்டும்.