பட்டறைக்கு வர வேண்டிய பழைய எஞ்சின்

மூதூரிலும் கிண்ணியாவிலும் இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் கடலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபோது, எரியாமல் வீணாகும் ஒவ்வொரு துளியும் மீனவரின் பிடிபாட்டைத் தின்றது. இந்த எஞ்சினைப் புரிந்துகொள்ள, பழைய மோட்டோகிராஸ் மோட்டார் சைக்கிளைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. திருகோணமலை மாவட்டத்தின் தொழிற்பயிற்சிப் பட்டறைகளில் அப்படி ஒன்றாவது நிற்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக்கின் குறை அதன் பிறவிக்குறை. எரிந்த புகை போகும் வாசல் மூடும் முன்பே புதிய கலவை உள்ளே வருவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இதற்கு மருந்தாகப் புகைக்குழாயையே செம்மைப்படுத்தினார். நடுவில் வயிறுபோல் உப்பி, பிறகு குறுகும் குழாய் அது. விரியும் பகுதி புகையை உறிஞ்சுகிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பிய கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைவலுவைத் தொட்டது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று, அந்த அறிவைச் சுசுகியிடம் சேர்த்தார். 1970இல் ஜோயல் ரொபேர் சுசுகியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். 1973இல் அந்தப் பட்டம், பின்சில்லுக்கு ஒற்றை அதிர்வுதாங்கி பூட்டிய யமஹாவுக்குப் போனது. நம் கரையில் படகு எஞ்சின்களின் மூடிகளிலும் இந்தப் பெயர்களைத்தான் பார்க்கிறோம்.

பழைய மோட்டோகிராஸ் வண்டியில் உள்ள அந்தப் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு ஒருமுறை, பூட்டி ஒருமுறை ஓடவிட்டால், கரும்பலகையில் ஒரு வாரம் வரைந்தாலும் விளங்காத அலை மாணவருக்கு விளங்கிவிடும். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்க்கட்டும்: இளம் பழுப்பு என்றால் கலவை சரி, வெள்ளை என்றால் எரிபொருள் போதாமல் பிஸ்டன் இறுகிப்போகும் ஆபத்து, ஈரக் கறுப்பு என்றால் காசு கரைகிறது. படகு எஞ்சினின் பிளக்கும் இதே பாஷைதான் பேசும்.

புகை கக்கும் இந்த எஞ்சினை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. டூ-ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியதும் சரியான முடிவுதான். நான் கேட்பது வீதிக்கு அல்ல, பட்டறைக்கு. போர்-ஸ்ட்ரோக்கும் மின்சாரமும் வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் கடன்பட்டு எஞ்சின் வாங்கிய மீனவர் அடுத்த வருடமே அதை மாற்றப்போவதில்லை. எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த 2022ஐயும், 2020 முதல் ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்ததையும் பார்த்த நாடு இது; அந்தக் காலம் முழுக்கப் பழையதைத் திருத்தித்தான் ஓட்டினோம். உதிரிப்பாகம் கிடைக்காது என்ற தயக்கமும் முழுச் சரியல்ல. மோட்டோகிராஸுக்கென்றே யமஹா டூ-ஸ்ட்ரோக் வைஇசட் 250ஐ இன்றும் தயாரிக்கிறது. கராஜ்களின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பழைய இரும்புக்கு நிறுத்துப் போடப்படும் முன், பயிற்சி நிலையங்கள் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.