படத்தைப் பார்த்துக் கட்டினால் போதுமா?



ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு கார், லாரி, ரயில் கட்டும் விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். டென்மார்க்கின் லெகோ நிறுவனம், இக்கட்டைகள் பற்றிக்கொள்ளும் முறைக்கு 1958-இல் காப்புரிமை கோரியது. பெட்டியோடு ஒரு படப்புத்தகமும் வரும். அதன்படி கட்டினால் வண்டி தயார். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

ஏன்? எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை எத்தனை விதமாக இணைக்கலாம்? 91,51,03,765 விதமாக! கணிதவியலார் கணிப்பொறி கொண்டு எண்ணிய கணக்கு இது. படப்புத்தகமோ ஒரே ஒரு வழியைத்தான் காட்டுகிறது.

"பெட்டியின் விலை கட்டுப்படியாகாதே" என்கிறீர்களா? களக்காட்டுப் பக்கம் கோடையில் தெருவில் ஓடும் நுங்கு வண்டியைப் பாருங்கள். நுங்கைத் தின்றபின் எஞ்சும் இரண்டு காய்கள், அவற்றை இணைக்க ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக்கம்பு. காசு செலவில்லை. நேரே நன்றாக ஓடும். தெருமுனையில் திருப்பினால் முரண்டு பிடிக்கும். காரணம் என்ன?

இரு சக்கரங்களும் ஒரே குச்சியில் இறுகியிருப்பதால் சமமாகவே சுழல்கின்றன. ஆனால் அவற்றின் இடைவெளி 30 செ.மீ. என்றால், செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் சுமார் 47 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். ஆகவே ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் இழுபடுகிறது. மாட்டுவண்டியில் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்வதால் இத்தொல்லை இல்லை. மோட்டார் காரில் இதற்கெனவே 'டிஃபரன்ஷியல்' என்னும் பல்சக்கரத் தொகுதி உண்டு.

அடுத்து, வண்டிக்கு விளக்கு. சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். 9 வோல்ட் பாட்டரியோடு நேரே இணைத்தால் கருகிவிடும். மீதி 7 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் என்றால், ஓம் விதிப்படி 7-ஐ 0.02-ஆல் வகுக்க, 350 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் 390 ஓம் தடையைப் போடலாம். இரண்டு விளக்குகளைத் தொடராக இணைத்தால் எத்தனை ஓம் வேண்டும்? நீங்களே கணக்கிடுங்கள்.

அறிவியல் கண்காட்சிகளில் கடையில் வாங்கிய பளபளப்பான மாதிரிகளைக் காண்கிறேன். "இந்தத் தடை எதற்கு?" என்று கேட்டால் விடை வருவதில்லை. பக்கத்து மேசையில், அட்டைப் பெட்டியில் செய்த கோணல் வண்டிக்காரர் பட்டென்று சொல்லிவிடுகிறார். பரிசு யாருக்குச் சேர வேண்டும்? பளபளப்புக்குப் பரிசு தந்தால், அடுத்த ஆண்டு எல்லோரும் கடைக்குத்தான் போவார்கள்.

படப்புத்தகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அது துணை செய்யும். மறுநாள் வண்டியைப் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடிவதுதானே அக்கட்டைகளின் சிறப்பு! ஒரு சக்கரத்தை மாற்றுங்கள், அச்சை நகர்த்துங்கள், என்ன ஆகிறது என்று குறித்து வையுங்கள்.

கட்டைகள் இல்லாதவர்களுக்கு ஒரு வேலை: நுங்கு வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் குச்சியில் தனியே சுழலுமாறு செய்ய முடியுமா? வரும் கோடையில் முயன்று பாருங்கள்.